கரடியின் கடி எவ்வளவு பலம்? எட்டு இனங்களின் தாடையும் பல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகில் இன்று எட்டு இனக் கரடிகள் இருக்கின்றன: பனிக்கரடி, பழுப்புக் கரடி (கிரிஸ்லி, கோடியாக் எல்லாம் இதற்குள் அடக்கம்), அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, தேன் கரடி என்கிற நம்மூர்க் கரடி, சூரியக் கரடி, தென் அமெரிக்காவின் கண்ணாடிக் கரடி, பாண்டா. எட்டுக்கும் தாடை ஒரே அடிப்படை அமைப்புதான். ஆனால் ஒன்று மூங்கிலை உடைக்கிறது, ஒன்று கடல்நாயின் தலையைக் கவ்வுகிறது, ஒன்று கறையானை உறிஞ்சுகிறது. இவற்றின் கடியை ஒப்பிடும்போது வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எட்டில் எதன் கடி மிகப் பலமானது?

மொத்த விசையை மட்டும் பார்த்தால் வளர்ந்த ஆண் பனிக்கரடிதான் முதலிடம். அதை ஒட்டியே பெரிய பழுப்புக் கரடி வரும். அடுத்ததாகப் பலர் கிரிஸ்லியின் உறவான கருங்கரடியைச் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த இடத்தில் நிற்பது பாண்டா. சில கணக்குகளில் பாண்டா பழுப்புக் கரடியையே நெருக்கிப் பிடிக்கிறது.

உடல் எடையைக் கழித்துவிட்டு, "இந்த அளவு உடம்புக்கு இவ்வளவு கடியா?" என்று கேட்டால் வரிசையே மாறிவிடும். அப்போது முன்னால் வருபவை சூரியக் கரடியும் பாண்டாவும். பனிக்கரடி பின்னால் போய்விடும். எனவே "எது பலம்?" என்று கேட்பவரிடம் "மொத்தமாகவா, எடைக்கு எடையாகவா?" என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

கிரிஸ்லியின் கடி 975 பிஎஸ்ஐ, 1,200 பிஎஸ்ஐ என்கிறார்களே, பௌலிங் பந்தையே நொறுக்குமாமே?

பாதிப்பேர் இதில் நன்றாகவே கரடி விடுகிறார்கள். இந்த எண்கள் இணையத்தில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எந்தக் கரடி, எந்தப் பல், எந்தக் கருவி என்று கேட்டால் பதில் இருக்காது.

அலகிலேயே குழப்பம் இருக்கிறது. பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்பது. தாடைத் தசை தருவதோ விசை. அதை நியூட்டனிலோ பவுண்டிலோ சொல்ல வேண்டும். அந்த விசை எவ்வளவு பரப்பில் இறங்குகிறதோ அதைப் பொறுத்து அழுத்தம் தலைகீழாக மாறும். 1,000 நியூட்டன் விசை ஒரு சதுர சென்டிமீட்டர் அகலமான கடைவாய்ப்பல்லில் இறங்குவதற்கும், ஒரு சதுர மில்லிமீட்டர் கோரைப்பல் நுனியில் இறங்குவதற்கும் அழுத்தத்தில் நூறு மடங்கு வித்தியாசம். கரடி அதேதான், கடியும் அதேதான். பரப்பைச் சொல்லாமல் பிஎஸ்ஐ மட்டும் சொன்னால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

ஒரு நியூட்டன் என்பது சுமார் நூறு கிராம் எடை கீழே அழுத்தும் விசை. 1,300 நியூட்டன் என்றால் கிட்டத்தட்ட 130 கிலோ மூட்டை ஒன்று பல்லின்மேல் உட்கார்ந்த மாதிரி. இந்தப் பக்கம் முழுக்க நியூட்டனிலேயே பேசுகிறேன்.

அப்படியானால் கடியை எப்படித்தான் அளக்கிறார்கள்?

உயிருள்ள விலங்கின் வாயில் விசைமானியைக் கொடுத்துக் கடிக்க வைப்பதுதான் நேரடி வழி. முதலைகளிடம் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரிகரி எரிக்சன் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில் உவர்நீர் முதலை ஒன்று 16,414 நியூட்டன் விசையோடு கடித்தது. புள்ளிக் கழுதைப்புலியிடம் 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் 4,500 நியூட்டன் வரை பதிவானது.

கரடி அவ்வளவு சுலபமாக ஒத்துழைக்காது. கருவியைக் கொடுத்தால் முழுப் பலத்தோடு கடிக்க வேண்டும் என்று அதற்கு என்ன கட்டாயம்? முகர்ந்து பார்க்கும், நக்கும், தூக்கிப் போடும். அதனால் கரடிகளுக்குப் பெரும்பாலும் மண்டையோட்டிலிருந்துதான் கணக்கு. அருங்காட்சியகத்தில் இருக்கும் காய்ந்த மண்டையோட்டில் தசைகள் நிறைந்திருந்த இடத்தின் குறுக்குப் பரப்பை அளப்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் தசைக்கு 30 நியூட்டன் இழுவிசை என்று வைத்துக்கொள்வார்கள். தாடை மூட்டிலிருந்து தசைக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தை வைத்து நெம்புகோல் கணக்குப் போடுவார்கள். தாமசன் என்ற ஆய்வாளர் 1991-ல் வகுத்த முறை இது.

இந்த முறை தரும் எண் பொதுவாக உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். மேலே சொன்ன கழுதைப்புலியே சாட்சி: காய்ந்த மண்டையோட்டுக் கணக்கில் அதன் கோரைப்பல் கடி ஆயிரம் நியூட்டனைத் தொடவில்லை. உயிருள்ள விலங்கு எலும்பை உடைக்கும் பல்லால் கடித்தபோது வந்த எண் அதைப்போல் பல மடங்கு. பல்லின் இடம் வேறு என்பது ஒரு காரணம், முறையின் சிக்கனம் இன்னொரு காரணம். ஆகவே இந்த எண்களை ஒரு விலங்கோடு இன்னொரு விலங்கை ஒப்பிடப் பயன்படுத்தலாம். "கரடி கடித்தால் சரியாக இத்தனை கிலோ" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

கணினியில் மண்டையோட்டைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, கடிக்கும்போது எலும்பில் எங்கே நெருக்கடி ஏறுகிறது என்று பார்க்கும் முறையும் இருக்கிறது. பாலம் கட்டும் பொறியாளர்கள் பயன்படுத்தும் அதே உத்தி. கடி எவ்வளவு என்பதோடு, அந்தக் கடியைத் தலை தாங்குமா என்பதையும் இது சொல்லிவிடும்.

ஒரே பழுப்புக் கரடிக்கு ஒரு இடத்தில் 750, இன்னொரு இடத்தில் 1,400 என்று இருக்கிறதே?

இரண்டும் ஆய்வாளர்கள் போட்ட கணக்குதான். 2005-ல் ஸ்டீபன் ரோ குழு வெளியிட்ட பட்டியலில் இருந்த பழுப்புக் கரடி சுமார் 129 கிலோ எடையுள்ளது. அதன் கோரைப்பல் கடி சுமார் 750 நியூட்டன். 2007-ல் பெர் கிறிஸ்டியன்சனும் ரோவும் சேர்ந்து செய்த பெரிய ஒப்பீட்டில் எண் ஏறத்தாழ இரட்டிப்பானது. பழுப்புக் கரடியில் நூறு கிலோ பெண்ணும் உண்டு, ஐநூறு கிலோவைத் தாண்டும் அலாஸ்கா ஆணும் உண்டு. எந்த மண்டையோட்டை எடுத்தார்கள் என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது. "பழுப்புக் கரடியின் கடி" என்று ஒற்றை எண் சொல்லும் எந்தப் பட்டியலையும் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

எடைக்கு எடை ஒப்பிடுவது எப்படி?

இதற்கு "கடி ஈவு" என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு எடையுள்ள ஊனுண்ணிக்குச் சராசரியாக இவ்வளவு கடி இருக்க வேண்டும் என்பதை 100 என்று வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட விலங்கு அதற்கு மேலா கீழா என்று பார்ப்பது. 2005 பட்டியலில் ஆஸ்திரேலியாவின் சிறிய ஊனுண்ணியான டாஸ்மேனியன் டெவிலுக்கு 181, புலிக்கு 127. கரடிகளுக்கு? பழுப்புக் கரடி 78, அமெரிக்கக் கருங்கரடி 64, ஆசியக் கருங்கரடி வெறும் 44.

பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய தலை, அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் அளவுக்குக் கடி சராசரிக்கும் கீழே. காரணம் சாப்பாடு. கருங்கரடியின் உணவில் பெரும்பங்கு பழம், கொட்டை, புல், பூச்சி. தன்னைவிடப் பெரிய இரையைக் கவ்வித் தொங்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பெரிய உடம்பு அதற்கு வேறு வேலைக்கு உதவுகிறது: தோண்ட, மரமேற, கொழுப்பைச் சேர்த்துக் குளிர்காலம் முழுக்கத் தூங்க.

மூங்கில் தின்னும் பாண்டாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய தாடை?

மூங்கில் தின்பதனால்தான். 2007 ஒப்பீட்டில் பாண்டாவின் கோரைப்பல் கடி சுமார் 1,300 நியூட்டன், கன்னப் பக்கத்துப் பல்லில் சுமார் 1,800 நியூட்டன். கடி ஈவு 150-ஐத் தொடுகிறது. நூறு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் எடையுள்ள ஒரு தாவர உண்ணிக்கு இது மிரட்டலான எண்.

பாண்டாவின் குடல் இன்னும் ஊனுண்ணியின் குடல்தான்: குட்டையானது, மாட்டைப்போல் பல அறை வயிறு கிடையாது. தின்ற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டாது. ஆகவே ஒரு நாளைக்கு 12 முதல் 38 கிலோ வரை தின்றாக வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மெல்வதிலேயே போகும். தண்டின் பச்சைத் தோலைப் பல்லால் இழுத்து உரித்துவிட்டு உள்ளே இருப்பதை நொறுக்குவதைப் பார்த்தால், பொங்கலன்று கரும்பு கடிக்கும் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் பாண்டாவுக்குத் தினமும் பல மணி நேரம் இதே வேலை.

இதற்காக முழுத் தலையையே மாற்றிக்கொண்டிருக்கிறது. பாண்டாவின் முகம் வட்டமாகத் தெரிவதற்குக் கொழுப்பு காரணம் இல்லை. கன்ன எலும்பு வளைவு இரண்டு பக்கமும் அகலமாக விரிந்து, அதற்குள் மெல்லும் தசை திரண்டிருக்கிறது. உச்சந்தலையில் ஒரு எலும்பு முகடு ஓடுகிறது. நெற்றிப்பொட்டுப் பக்கத்துத் தசை அதில் பிடிமானம் போட்டிருக்கிறது. முன்கடைவாய்ப்பற்களும் கடைவாய்ப்பற்களும் மற்ற கரடிகளைவிட அகலமானவை, மேடு பள்ளங்கள் நிறைந்தவை. நமக்குச் செல்லமாகத் தெரியும் அந்த உருண்டை முகம் முழுக்கத் தசை.

பாண்டா மனிதரைக் கடித்ததுண்டா?

உண்டு. பெய்ஜிங் விலங்குக் காட்சிசாலையில் இருந்த கூ கூ என்ற ஆண் பாண்டா 2006, 2007, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வேலி தாண்டி உள்ளே போனவர்களைக் கடித்திருக்கிறது. 2006-ல் குடிபோதையில் தடவிக் கொடுக்கப் போனவர், கடி வாங்கிய பிறகு பாண்டாவைத் திருப்பிக் கடித்ததாகச் செய்தி வந்தது (பாண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தோல் தடிமன்). 2009-ல் பிள்ளையின் பொம்மையை எடுக்க உள்ளே இறங்கியவரின் காலைப் பற்றிய தாடையை, காவலர்கள் கருவிகளை வைத்துத்தான் விலக்க முடிந்தது. அந்தச் சம்பவங்களின் காயங்கள் மருத்துவ இதழ் ஒன்றிலும் பதிவாகியிருக்கின்றன.

சூரியக் கரடி மிகச் சிறியதாயிற்றே, அது எப்படி முன்னால் வருகிறது?

எட்டில் இதுதான் சிறியது; 25 முதல் 65 கிலோ வரை. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்துக் காடுகளிலும், இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கிறது. கடி ஈவில் பாண்டாவையும் சற்றுத் தாண்டுகிறது.

அதன் வேலையைப் பார்த்தால் ஆச்சரியம் போய்விடும். கொட்டாத தேனீக்கள் உயிருள்ள பெரிய மரங்களின் பொந்துக்குள் கூடு கட்டும். அந்த மரத்தை நகத்தால் கிழித்து, கோரைப்பல்லால் சிம்பு சிம்பாகப் பெயர்த்து வழி உண்டாக்கி, பிறகுதான் அந்த நீளமான நாக்கை உள்ளே விட முடியும். பச்சை மரத்தைப் பல்லால் பெயர்ப்பது கடல்நாயைக் கவ்வுவதைவிடக் கடினமான வேலை. குட்டையான அகன்ற தலை, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கோரைப்பல், அடர்ந்த தாடைத் தசை எல்லாம் அதற்காகவே. வாயைத் திறக்கும்வரை நாய்க்குட்டி மாதிரி இருக்கும். திறந்தால் எண்ணம் மாறிவிடும்.

பனிக்கரடியா, கிரிஸ்லியா? தாடையில் யார் உறுதி?

எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். கடி விசையில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆனால் அந்தக் கடியைத் தாங்கும் திறனில் பனிக்கரடியின் மண்டையோடு பின்தங்குகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கிரஹாம் ஸ்லேட்டர், பிளேர் வான் வால்கன்பர்க் முதலானோர் 2010-ல் இரண்டு மண்டையோடுகளையும் கணினி மாதிரியாக்கிக் கடிக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு கடிக்கு, பனிக்கரடியின் எலும்பில் நெருக்கடி அதிகமாக ஏறியது. பனிக்கரடியின் தலை நீண்டு தாழ்ந்தது. பனித்துளை வழியாகத் தலையை விட்டு இரையை இழுக்க அது வசதி. ஆனால் மணிக்கணக்கில் அரைத்துத் தின்ன உகந்த வடிவம் இல்லை.

பல்லிலும் அதே கதை. பனிக்கரடியின் கோரைப்பல் நீளமானது. கன்னப்பற்களோ பழுப்புக் கரடியுடையதைவிடச் சிறியவை, அரைக்கும் பரப்பு குறைந்தவை. வளையக் கடல்நாய் மூச்சு விடப் பனித்துளைக்கு வரும்போது தலையைக் கவ்வி மேலே இழுத்துப் போடுகிறது. பிறகு தின்பது பெரும்பாலும் கொழுப்பும் தோலும். மெல்ல வேண்டியது குறைவு. பழுப்புக் கரடியோ வேர், கிழங்கு, புல், பைன் விதை, சால்மன், பிணம் எதையும் விடாது. அதற்கு அகன்ற, தட்டையான கடைவாய்ப்பற்கள் வேண்டும்.

இரண்டு இனங்களும் பரிணாமக் கணக்கில் மிக அண்மையில், சில லட்சம் ஆண்டுகளுக்குள் பிரிந்தவை. அதற்குள் தலை இவ்வளவு மாறியிருக்கிறது. கடல் பனி உருகிப் பனிக்கரடி கரையில் அதிக நாள் தங்க நேரும்போது, "கிரிஸ்லி மாதிரி புல்லும் பழமும் தின்று பிழைத்துக்கொள்ளாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தாடையை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. கிரிஸ்லிகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பந்தியில், அரைக்க முடியாத பல்லோடு போய் உட்கார வேண்டியிருக்கும்.

கண்ணாடிக் கரடி பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டியதுதான். ஆண்டிஸ் மலைத்தொடரில் வாழும் இது கண்ணைச் சுற்றி வெளிர்நிற வளையம் கொண்டது. இன்றிருக்கும் கரடிகளில் மிகக் குட்டையான முகவாய் இதற்குத்தான். கன்ன வளைவிலிருந்து கீழ்த்தாடைக்கு இறங்கும் ஒரு தசை, உடலளவோடு ஒப்பிட்டால், பாண்டாவையும் மிஞ்சும். அன்னாசி இனத்துச் செடிகளின் அடிப்பகுதியையும் பனைக் குருத்தையும் பிளந்து தின்ன அது உதவுகிறது.

நம்மூர்க் கரடியின் கடி எப்படி?

தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கரடி தேன் கரடி. நீலகிரி, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை எனப் பல காடுகளில் உண்டு. இலங்கையில் யால, வில்பத்துப் பக்கம் தனிக் கிளையினமாக இருக்கிறது. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் மரமேறித் தின்பதை யாலவில் பார்க்கலாம்.

இதன் வாய் கடிப்பதைவிட உறிஞ்சுவதற்கே அதிகம் தயாரானது. மேல்வரிசையின் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் இதற்குக் கிடையாது. மற்ற கரடிகளுக்கு வழக்கமாக 42 பல், இதற்கு 40. அந்த இடைவெளி, குழிந்த மேலண்ணம், நீட்டி மடக்கக்கூடிய உதடு மூன்றும் சேர்ந்து ஒரு குழாய் மாதிரி வேலை செய்யும். நகத்தால் புற்றைப் பிளக்கும், மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு மண்ணை ஊதித் தள்ளும், பிறகு கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டர் தாண்டியும் கேட்கும்.

அதற்காகக் கடி பலவீனம் என்று நினைத்துவிட வேண்டாம். கோரைப்பல் பெரியது, தலை கனமானது. புலியோடு ஒரே காட்டில் வாழ்வதால், எதிர்பாராமல் யாராவது அருகே வந்துவிட்டால் ஓடுவதற்குப் பதில் பாய்ந்து தாக்குவது இதன் சுபாவம். பெரும்பாலும் முகத்தையும் தலையையும் குறிவைக்கும். நகமும் பல்லும் சேர்ந்தே வேலை செய்வதால் எது எந்தக் காயம் என்று பிரிப்பதே கஷ்டம். கன்ன எலும்பு உடைவது, கண் போவது, மூக்கு கிழிவது என்று கோரமான காயங்கள் வருகின்றன. விசைப் பட்டியலில் பனிக்கரடிக்கு எங்கோ கீழே இருக்கும் கரடிதான் இது. ஆனால் மனிதர் நடமாட்டத்துக்கு நடுவில் வாழ்வதால், ஆட்களைக் காயப்படுத்துவதில் பனிக்கரடியை விட எவ்வளவோ முன்னால் நிற்கிறது. கடி விசையை மட்டும் வைத்து ஆபத்தை அளந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெய் குடித்துப் போன செய்தி அடிக்கடி வரும். அந்தக் கதவு பெரும்பாலும் பல்லால் உடைந்ததல்ல. நகத்தாலும் தோள்பலத்தாலும் உடைந்தது.

கரடி வித்தை காட்டுபவர்கள் பல்லைப் பிடுங்கிவிடுவார்களாமே?

ஆம். குட்டியாக இருக்கும்போதே கோரைப்பற்களை உடைத்தோ பிடுங்கியோ எடுத்துவிட்டு, முகவாயில் சூடான கம்பியால் துளையிட்டுக் கயிறு கோப்பார்கள். கலந்தர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பிழைப்பு அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்தும் நெடுங்காலம் நடந்தது. வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டு, அவர்களுக்கு மாற்றுத் தொழிலும் ஏற்பாடு செய்தது. 2009-ன் இறுதியில் கடைசிக் கரடியும் ஒப்படைக்கப்பட்டது. கோரைப்பல் இல்லாத அந்தக் கரடிகள் ஆக்ரா போன்ற மையங்களில் கஞ்சியும் பழமும் தின்று பல ஆண்டுகள் வாழ்ந்தன. காட்டில் விட முடியாமல் போனதற்குப் பல் இல்லாததும் ஒரு காரணம்.

கரடியின் வாய்ப்பலத்தை யாராவது நடைமுறையில் சோதிக்கிறார்களா?

அமெரிக்காவில் அருமையான ஒரு ஏற்பாடு இருக்கிறது. கரடிகள் உள்ள பல காடுகளில் கூடாரம் போடுபவர்கள் உணவு வைக்கும் டப்பா, பெட்டி, குப்பைத்தொட்டி எல்லாம் கரடி திறக்க முடியாததாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில், கிரிஸ்லி அண்ட் உல்ஃப் டிஸ்கவரி சென்டரில் வளரும் கிரிஸ்லிகளிடமே பொருளைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே மீன், தேன் மாதிரி ஏதாவது இருக்கும். கரடி அதைக் கடித்தும் அடித்தும் மொத்தம் ஒரு மணி நேரம் போராடியும் திறக்கவில்லை என்றால் தேர்ச்சி.

கரடி அங்கே முதலில் செய்வது கடிப்பதல்ல. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி முழு எடையோடு குதிக்கும். விளிம்போ இடுக்கோ அகப்பட்டால்தான் பல் வேலைக்கு வரும். அதனால்தான் கரடிக்குத் தாங்கும் உணவு டப்பாக்கள் வழவழப்பான உருளையாக இருக்கின்றன. தாடை பற்ற ஒரு மூலைகூட இருக்காது.

தாடை உடைந்தால் கரடி பிழைக்குமா?

பிழைக்கலாம். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் 32 என்ற எண்ணும் சங்க் என்ற பெயரும் கொண்ட பெரிய ஆண் பழுப்புக் கரடி 2025-ல் உடைந்து தொங்கிய தாடையோடு புரூக்ஸ் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கரடியோடு நடந்த சண்டையில் உடைந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். ஆண் கரடிகள் மோதும்போது ஒன்றின் வாயை ஒன்று கவ்வுவது வழக்கம். அந்த ஆண்டு சால்மன் ஏராளமாக வந்ததால் அது தாக்குப்பிடித்து, சுமார் 540 கிலோவுக்கு ஏறியதாக மதிப்பிட்டார்கள். இணையத்தில் மக்கள் வாக்களிக்கும் "கொழுத்த கரடி வாரம்" போட்டியிலும் அதுவே வென்றது.

புலியோடு ஒப்பிட்டால்?

2005 பட்டியலை வைத்துப் பார்த்தால், கடியில் மட்டும் பழுப்புக் கரடியைவிடப் புலிதான் முன்னால். அதில் புலியின் கோரைப்பல் கடி சுமார் 1,525 நியூட்டன். பூனைக் குடும்பத்துக்குத் தாடை குட்டை, ஆகவே தசையின் பலம் வீணாகாமல் கோரைப்பல்லுக்குப் போய்ச் சேரும். கழுத்தில் எங்கே கடிக்க வேண்டும் என்ற நுணுக்கமும் அவற்றுக்கு உண்டு. கரடிக்கு அந்த நுணுக்கம் இல்லை. கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடைத்த இடத்தில் கடிக்கும். அதற்குத் தோளும் முன்னங்காலும்தான் முதல் ஆயுதம்.

அழிந்துபோன கரடிகளில் யார் முதல்?

அக்ரியோதீரியம். சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் லாங்கபான்வெக் பகுதியில் வாழ்ந்தது. 2012-ல் வெளியான கணினி மாதிரி ஆய்வொன்றின்படி, அதுவரை கணக்கிடப்பட்ட ஊனுண்ணிப் பாலூட்டிகளில் அதற்கே கடி அதிகம்.

ஐரோப்பாவின் குகைக் கரடி வேறு விதம். அதன் நெற்றி மேடாக எழுந்து, உள்ளே காற்றறைகள் பெரிதாகியிருந்தன. 2020-ல் மலகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியபடி, அதனால் முன்பல்லால் கடிக்கும்போது மண்டையில் நெருக்கடி கூடியது. கடைவாயால் மெல்லும் தாவர உணவோடு அது கட்டுண்டு போனது. பனியுகம் உச்சத்துக்கு வந்து தாவரம் குறைந்த காலத்தில், ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன், அழிந்தது.

காட்டில் கரடியை எதிர்கொண்டால்?

ஓடாதீர்கள், எந்தக் கரடியும் உங்களைவிட வேகம். நம்மூர்க் காட்டுப் பாதையில் பேசிக்கொண்டே நடப்பதும், விடியலிலும் இருட்டிலும் தனியே போகாமல் இருப்பதும் பாதி ஆபத்தைத் தவிர்க்கும். தேன் கரடி பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொள்வதுதான் வழக்கமாகத் தரப்படும் ஆலோசனை. முகம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். கடி பட்டால் சிறு காயம் என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி இதற்கும் தேவைப்படும்.

பல்லைப் பார்த்துக் கரடியின் வயதைச் சொல்ல முடியுமா?

முடியும். மயக்க ஊசி போட்ட கரடியிடமிருந்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுப்பார்கள். மெல்லுவதில் அதற்குப் பெரிய பங்கு இல்லை, எடுத்தாலும் கரடிக்கு நஷ்டம் இல்லை. அதை மெல்லியதாக நறுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், வேரைச் சுற்றி ஆண்டுக்கு ஒரு வளையம் படிந்திருக்கும். பெண் கரடியின் பல்லில் சில ஆண்டு வளையங்கள் மட்டும் ஒடுங்கி இருக்கும். அவை பெரும்பாலும் அது குட்டி வளர்த்த ஆண்டுகள்.